அமெரிக்கக் கல்லூரியில் முதலாண்டு எழுத்து வகுப்பு: சிலபஸ் கைக்கு வரும் நாள் முதல் கடைசி போர்ட்ஃபோலியோ வரை

"தப்பே இல்லையே அக்கா, அப்புறம் ஏன் சி பிளஸ்?" என்று கேட்டுக்கொண்டே அந்தப் பையன் கட்டுரையை என் மேசையில் வைத்தான். சிவகங்கைப் பக்கம். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கி, கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வந்தவன். நான் அப்போது அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டே, அங்கே மாணவர்களின் எழுத்துக்கு உதவும் ரைட்டிங் சென்டரில் வேலை பார்த்துவந்தேன். கட்டுரையைப் புரட்டினேன். அவன் சொன்னது உண்மைதான். நான்கு பக்கத்தில் இலக்கணப் பிழை என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. பேராசிரியர் பென்சிலால் மூன்று இடத்தில் எழுதியிருந்தார். மூன்றும் ஒரே கேள்வி: "அதனால் என்ன?"

அந்தக் கேள்விதான் இந்த வகுப்பு. அதன் பிறகு நானே இந்த வகுப்பை மூன்று செமஸ்டர் நடத்தினேன். நம் ஊரிலிருந்து போகும் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் ஆங்கிலத்தில் தடுமாறுவதில்லை. வகுப்பு என்ன கேட்கிறது என்று யாரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாததுதான் சிக்கல்.

முதலில், இது என்ன வகுப்பு

அமெரிக்காவில் நீங்கள் எந்தப் பட்டம் படித்தாலும், இயற்பியலோ வணிகமோ நர்சிங்கோ, முதலாண்டில் எழுத்து வகுப்பு ஒன்றை முடித்தாக வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதி. ஹார்வர்டு 1874-ல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னது. 1885-ல் 'இங்கிலீஷ் ஏ' என்று முதலாண்டு வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. மற்ற கல்லூரிகளும் அதைப் பின்பற்றின. இன்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். பல இடங்களில் இங்கிலீஷ் 101, டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் 1301-ம் 1302-ம், ஃபுளோரிடாவில் இஎன்சி 1101. சில இடங்களில் வெறும் 'ஃபர்ஸ்ட் இயர் ரைட்டிங்'. பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

இதை 'ஆங்கிலப் பாடம்' என்று நினைத்துக்கொண்டு போனால் முதல் வாரத்திலேயே குழம்பிவிடுவீர்கள். செய்யுள், உரைநடை, துணைப்பாடம், இலக்கணம் என்று நாம் படித்த அமைப்பு இங்கே கிடையாது. மனப்பாடப் பகுதி இல்லை. பல பிரிவுகளில் இறுதித் தேர்வே இல்லை. ஒரு செமஸ்டரில் மூன்று முதல் ஐந்து கட்டுரை வரை எழுதுவீர்கள். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று முறை திருப்பி எழுதுவீர்கள். வகுப்பில் இருபது பேரை ஒட்டித்தான் இருப்பார்கள். நீங்கள் ஒருநாள் வராவிட்டால் தெரியும். பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் தெரியும்.

வழக்கமாக இது மூன்று கிரெடிட் வகுப்பு. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும் வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும் என்பது அங்கே பொதுக் கணக்கு. ஆக, வாரம் மூன்று மணி வகுப்பு, ஆறு மணி வீட்டு வேலை. கால்குலஸுக்கு ஒதுக்கும் நேரத்தை இதற்கும் ஒதுக்குங்கள். 'இது இங்கிலீஷ்தானே' என்று ஞாயிறு இரவுக்குத் தள்ளிவைப்பவர்கள் ஆறாவது வாரத்தில் ரைட்டிங் சென்டர் வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

படி 1: எந்தப் பிரிவில் சேர்வது

சேர்வதற்கு முன் அட்வைசரிடம் (படிப்பு ஆலோசகர்) இரண்டு விஷயம் கேளுங்கள். ஏபி தேர்வோ (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) வேறு மதிப்பெண்ணோ இருந்தால் விலக்கு உண்டா? ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டா, அதற்கும் இதே கிரெடிட்தானா? தனிப் பிரிவு இருந்து, கிரெடிட்டும் முழுதாகக் கணக்கில் வருமென்றால் அதிலேயே சேருங்கள் என்பது என் கருத்து. கௌரவக் குறைச்சல் என்று நம் பிள்ளைகள் அதைத் தவிர்க்கிறார்கள். அங்கே பாடம் எளிதாக இருக்காது. ஆனால் அதை நடத்துபவர் இரண்டு மூன்று மொழியோடு வளர்ந்தவர்களின் எழுத்தைப் படித்துப் பழகியவராக இருப்பார். அது பெரிய வித்தியாசம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இளநிலைப் படிப்பில் முழுநேர மாணவர் என்றால் செமஸ்டருக்கு 12 கிரெடிட். வகுப்பு கடினமாக இருக்கிறதென்று பாதியில் விட்டு, கணக்கு 12-க்குக் கீழே போனால் விசாவுக்கே ஆபத்து. விடுவதற்கு முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசி அனுமதி வாங்க வேண்டும். விட்ட பிறகு போய்ச் சொல்லிப் பயனில்லை.

படி 2: சிலபஸை ஒப்பந்தப் பத்திரம்போலப் படியுங்கள்

நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடத் தலைப்புகளின் பட்டியல். இங்கே அது பத்துப் பக்கம்கூட இருக்கும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உடன்படிக்கை அது. எந்தக் கட்டுரைக்கு எத்தனை சதவீதம், தாமதமானால் நாளுக்கு எவ்வளவு குறையும், எத்தனை நாள் விடுப்பு தாண்டினால் மதிப்பெண் இறங்கும் என்று எல்லாம் அதிலேயே இருக்கும். தேதிகளை எடுத்து நாட்காட்டியில் எழுதுங்கள். முக்கியமாக, இறுதிக் கட்டுரையின் தேதிக்கு முன்னால் டிராஃப்ட் (வரைவு) தேதி என்று ஒன்று இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். டிராஃப்டுக்கும் சக மாணவர் விமர்சனத்துக்கும் தனி மதிப்பெண் உண்டு. கட்டுரை நன்றாக எழுதியும் பி வாங்கியவர்கள் பலர் இந்தச் சின்ன மதிப்பெண்களில்தான் விட்டிருப்பார்கள்.

கேன்வாஸ் போன்ற வகுப்பு இணையதளத்தில் வாரா வாரம் வரும் கலந்துரையாடல் பதிவுகளும் அப்படித்தான். நீங்கள் ஒரு பத்தி, மற்றவர்களுக்கு இரண்டு பதில். 'நீ சொன்னது எனக்குப் பிடித்திருந்தது' என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. அவர் சொன்னதில் எந்த வரி, ஏன் என்று எழுதுங்கள்.

பெயர் விஷயத்தை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஏதாவதொரு கட்டத்தில் ஏறியிருக்கும். வருகைப் பதிவேட்டில் அது முன்னால் வந்துவிட்டால் செமஸ்டர் முழுக்க உங்களை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். கூச்சப்படாமல், "என்னை இப்படிக் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் ஆசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் 'ரெஸ்பெக்டட் சார்' வேண்டாம். 'புரொஃபசர்' அல்லது 'டாக்டர்' போட்டு அவருடைய கடைசிப் பெயர். எந்த வகுப்பு, எந்தப் பிரிவு, என்ன கேள்வி என்று நான்கு வரியில் முடியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று அவரே சொன்னால் அப்படியே கூப்பிடலாம். நமக்கு நாக்கு கூசும். அவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

'ஆஃபீஸ் ஹவர்ஸ்' என்று ஒரு நேரம் போட்டிருப்பார்கள். அது அவர் தம் வேலையைப் பார்க்கும் நேரம் என்று நினைத்துப் போகாமலே இருந்த பிள்ளைகள் உண்டு. அது உங்களுக்காக அவர் கதவைத் திறந்துவைத்திருக்கும் நேரம். மூன்றாவது வாரத்துக்குள் ஒருமுறை போய்விடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 1974-ல் வந்த ஃபெர்ப்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் மதிப்பெண் விவரம் அவருக்கே உரியது. நீங்கள் தொலைபேசியில் கேட்டால் பேராசிரியர் சொல்ல மாட்டார். பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

படி 3: வாசிக்கும்போதே எழுதுங்கள்

வகுப்பின் முதல் பாதியில் வாசிப்புதான் அதிகம். மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து 1963 ஏப்ரல் 16 தேதியிட்டு எழுதிய கடிதம் எத்தனையோ பிரிவுகளில் பாடமாக இருக்கிறது. அதைக் கொடுத்து 'ரெட்டாரிக்கல் அனாலிசிஸ்' எழுதச் சொல்வார்கள். இங்கேதான் நம் பள்ளிப் பழக்கம் நம்மைக் கவிழ்க்கும். கடிதத்தில் கிங் என்னென்ன சொன்னார் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுதிவிடுவோம். அது பொருள் சுருக்கம். இந்த வகுப்பில் சுருக்கத்துக்குக் கிடைப்பது ஒரு பத்தி இடம்தான்.

கேட்பது வேறு. அந்தக் கடிதம் எட்டு வெள்ளை மதகுருமார்களுக்கு எழுதப்பட்டது. இனப் பாகுபாட்டை எதிர்த்து அங்கே நடந்த போராட்டம் விவேகமற்றது, நேரம் சரியில்லை என்று அவர்கள் அறிக்கை விட்டிருந்தார்கள். மதகுருக்களுக்கு எழுதுவதால்தான் கிங் தம்மைப் பவுல் அப்போஸ்தலரோடு ஒப்பிடுகிறார். 'பொறுத்திரு' என்று சொல்பவர்களுக்குப் பதிலாக, ஆறு வயது மகளிடம் கேளிக்கைப் பூங்காவுக்கு ஏன் போக முடியாது என்று விளக்கத் திணறும் தகப்பனைக் காட்டுகிறார். அதுவும் எப்படி? முற்றுப்புள்ளி வைக்காமல், அவமானத்தின் மேல் அவமானமாக அடுக்கிக்கொண்டே போகும் மிக நீண்ட ஒரே வாக்கியத்துக்குள். படிப்பவரும் அந்த வாக்கியம் முடியுமா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பது எப்படி இருக்கும் என்று வாக்கிய அமைப்பாலேயே உணரவைக்கிறார். இப்படி ஒரு இடத்தைப் பிடித்து, அது யாரிடம் என்ன வேலை செய்கிறது என்று எழுதினால் அதுதான் அனாலிசிஸ்.

செய்முறை இது. ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் இரண்டு குறிப்பு எழுதுங்கள். இடப்பக்கம், 'என்ன சொல்கிறது'. வலப்பக்கம், 'என்ன செய்கிறது': மறுக்கிறது, விட்டுக்கொடுக்கிறது, வெட்கப்படவைக்கிறது, நம்பிக்கை ஊட்டுகிறது. கட்டுரை எழுதும்போது வலப்பக்கத்தை வைத்து எழுதுங்கள். ஈத்தோஸ், பேத்தோஸ், லோகோஸ் என்று அரிஸ்டாட்டிலின் மூன்று சொற்களை ஆசிரியர் சொல்லித்தருவார். சொல்பவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம். அவற்றைக் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த இடத்தில் பேத்தோஸ் இருக்கிறது' என்று பெயர் சூட்டியதோடு நிறுத்தினால் ஓரத்தில் மறுபடியும் 'அதனால் என்ன?' வரும்.

படி 4: சொந்தக் கதைக் கட்டுரை

பல வகுப்புகளில் முதல் கட்டுரை 'லிட்டரசி நேரேட்டிவ்'. வாசிக்கவோ எழுதவோ நீங்கள் கற்றுக்கொண்டதில் ஒரு அனுபவத்தை எழுத வேண்டும். எளிதென்று தோன்றும். நம் பிள்ளைகளுக்கு இதுதான் கடினம்; 'நான்' என்று எழுதவே நமக்குச் சொல்லித்தந்ததில்லை.

சிவகங்கைப் பையனின் கட்டுரை இதுதான். முதல் பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: "சிறு வயதிலிருந்தே எனக்கு வாசிப்பில் ஆர்வம் அதிகம். என் பெற்றோரும் ஆசிரியர்களும் என்னை ஊக்குவித்தார்கள். கல்வியே மனிதனை உயர்த்துகிறது என்பதை அதன் மூலம் உணர்ந்தேன்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை ஆயிரம் பேர் எழுதலாம்.

"பரீட்சைக்கு எழுதினத விடு. வேற யாருக்காச்சும் எதாச்சும் எழுதிக் குடுத்திருக்கியா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "எங்க அப்பத்தாவுக்கு பேங்க் சலான் எழுதிக் குடுப்பேன்."

அதைச் சொல்லச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அவன் சொன்னதை அப்படியே தாளில் குறித்தேன். ஒரு வாரம் கழித்து வந்த இரண்டாவது டிராஃப்ட் இப்படித் தொடங்கியது: "சலானில் எண்ணால் 5000 என்றும் எழுத்தால் ஐநூறு என்றும் எழுதிவிட்டேன். எனக்கு ஒன்பது வயது. கவுண்டரிலிருந்து சலான் திரும்பி வந்தது. அப்பத்தாவின் பெருவிரலில் மை இன்னும் காயவில்லை. பின்னால் வரிசை நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. விரலைச் சுவரில் துடைத்துக்கொண்டு, 'எண்ணைவிட எழுத்தத்தான்யா நம்புவாக' என்றார்."

இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஆங்கிலம் இரண்டாவதில்தான் எளிமையாக இருந்தது. சின்னச் சின்ன வாக்கியம். ஆனால் இதை வேறு யாரும் எழுத முடியாது. அதோடு, 'அதனால் என்ன?' என்பதற்கும் இதில் விடை கிடைத்துவிட்டது. அதுவரை மதிப்பெண்ணுக்காக எழுதிவந்த பையன், தான் எழுதியதற்கு இன்னொருவர் கைநாட்டு வைத்துப் பொறுப்பேற்கிறார் என்பதை அந்தக் கவுண்டரில் தெரிந்துகொண்டான். கட்டுரையின் மீதி மூன்று பக்கமும் அந்த ஒரு எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு போயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு நாள், ஒரு இடம், ஒரு பொருள் என்று தேடுங்கள். 'எப்போதும்', 'எல்லோரும்', 'ஆதிகாலம் முதல்' என்று தொடங்கும் வாக்கியங்களை அடித்துவிடுங்கள். முதலில் நண்பரிடம் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப்பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் எழுதுவதும் நல்ல வழிதான். நான் பலரை அப்படி எழுதவைத்திருக்கிறேன்.

படி 5: தீசிஸும் ஆதாரமும்

அடுத்து வருவது ஆய்வுக் கட்டுரை. எட்டுப் பத்துப் பக்கம். செமஸ்டரின் பெரும் பகுதி மதிப்பெண் இதற்கே. அதன் முதுகெலும்பு தீசிஸ் வாக்கியம்: விவரம் தெரிந்த ஒருவர் மறுக்கக்கூடிய, நீங்கள் நிறுவ முடிகிற ஒரு கூற்று.

'சமூக ஊடகங்களில் நன்மையும் தீமையும் உண்டு.' இதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆகவே இது தீசிஸ் ஆகாது. 'நம் வளாக உணவகத்தை இரவு எட்டு மணிக்கு மூடுவதால் மாலை லேப் வகுப்புள்ள மாணவர்களே பாதிக்கப்படுகிறார்கள்; கட்டணத் திட்டத்தை மாற்றாமல் நேரத்தை மட்டும் நீட்டினால் அது தீராது.' இதை மறுக்கலாம், தேடலாம், பேட்டி எடுக்கலாம். தலைப்பு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. உலக வெப்பமயமாதலைப் பத்துப் பக்கத்தில் தீர்க்கப் புறப்படாதீர்கள்.

நாம் படித்த கட்டுரைகளில் இருபக்கமும் சொல்லி, கடைசியில் நடுநிலையோடு முடிப்பது பண்பாக இருந்தது. இங்கே நிலைப்பாடு எடுக்காத கட்டுரை முடியாத கட்டுரை. இது நம் மரபுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். பவணந்தி முனிவர் நன்னூலில் எழுமதம் என்று ஒரு பட்டியல் தருகிறார். நூல் எழுதுபவர் பிறர் கருத்தின் முன் எடுக்கக்கூடிய ஏழு நிலைகள் அவை. உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு, தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு, இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு, பிறர் நூற்குற்றம் காட்டல், பிறிதொடு படாஅன் தன்மதம் கொளல். எழுத்து வகுப்பில் 'ஆதாரங்களோடு உரையாடு' என்று திரும்பத் திரும்பச் சொல்வதன் பொருள் இதுதான். என் தமிழ் மாணவர்களுக்கு இதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்கத்தில் இந்த ஏழில் எது என்று குறிக்கச் சொல்வேன். எட்டு மேற்கோளும் 'உடன்படல்' என்றால் கட்டுரையில் உங்கள் குரல் இன்னும் வரவில்லை. ஒருவர் சொன்னதை ஏற்றுக்கொண்டு தொடங்கிப் பிறகு எங்கே அது போதவில்லை என்று காட்டுவதும், முரண்படும் இருவரில் ஒருவர் பக்கம் காரணத்தோடு சேர்வதும் ஆசிரியர்கள் மிகவும் விரும்புபவை.

ஆதாரம் தேட நூலகத் தளத்திலிருந்து ஜேஸ்டார் போன்ற, ஆய்வுக் கட்டுரைகள் உள்ள தரவுத்தளங்களுக்குப் போங்கள். கல்லூரிக் கணக்கில் நுழைந்தால் கட்டணம் இல்லை. கட்டுரையின் முகவுரையையும் முடிவுரையையும் முதலில் படித்து, உங்கள் கேள்விக்குப் பொருந்தினால் மட்டும் நடுவில் இறங்குங்கள். உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள். நூலகரிடம் பேச முன்பதிவு செய்துகொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் உங்கள் ஒரு வாரத் தேடலை மிச்சப்படுத்துவார். நம் ஊரில் புத்தகத்தைப் பதிந்து தருபவராகவே நூலகரைப் பார்த்திருக்கிறோம். அங்கே அவர் உங்கள் ஆய்வில் கூட்டாளி.

நடுவில் 'அனோட்டேட்டட் பிப்ளியோகிராஃபி' என்று ஒன்று கேட்பார்கள். ஒவ்வொரு ஆதாரத்துக்கும் கீழே ஒரு பத்தி: இது என்ன சொல்கிறது, ஏன் நம்பலாம், என் கட்டுரையில் எங்கே உதவும். இதை ஒழுங்காக எழுதினால் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரி.

படி 6: டிராஃப்ட், விமர்சனம், மறுபடி டிராஃப்ட்

ஒரே மூச்சில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுபவர்தான் நல்ல மாணவர் என்று வளர்ந்தோம். இந்த வகுப்பில் திருத்தி எழுதுவதுதான் பாடமே. முதல் டிராஃப்ட் மோசமாக இருக்கலாம், இருக்கத்தான் வேண்டும். அது முழுதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டிராஃப்ட் வந்த நாளில் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்து ஒருவர் கட்டுரையை மற்றவர் படிப்பீர்கள். 'நல்லா இருக்கு' என்று சொல்வது உதவியாகாது. காற்புள்ளி திருத்துவதும் இப்போது வேண்டாம். மூன்றே விஷயம் சொல்லுங்கள்: உங்கள் வாதம் இதுவென்று எனக்குப் புரிந்தது, இந்த இடத்தில் நான் வழி தவறினேன், இங்கே இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவரின் கட்டுரையை நான் எப்படி விமர்சிப்பது என்று தயங்காதீர்கள். எங்கே புரியவில்லை என்பதைச் சொல்ல நீங்கள் முழுத் தகுதி உள்ள வாசகர்.

திரும்பி வந்த கட்டுரையின் ஓரக் குறிப்புகளைப் படிக்கவும் நன்னூல் கைகொடுக்கும். அதில் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்லப்பட்டிருக்கிறது. 'வேக்' (தெளிவில்லை) என்று ஆசிரியர் எழுதினால், பல நேரம் அது குன்றக் கூறல். சொல்ல வேண்டியதை முழுதாகச் சொல்லவில்லை. 'வர்டி' என்றால் மிகைபடக் கூறல். 'ரிப்பிட்டிட்டிவ்' என்பது கூறியது கூறல். 'ஆஃப் டாபிக்' என்பது மற்றொன்று விரித்தல். முதல் பக்கத்தில் சொன்னதற்கு மாறாக ஐந்தாம் பக்கத்தில் சொல்லியிருந்தால் மாறுகொளக் கூறல். நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்த்தது சென்று தேய்ந்து இறுதல்: முதல் இரண்டு பக்கம் உழைப்பு தெரியும், கடைசிப் பக்கம் விடியற்காலை மூன்று மணிக்கு எழுதியது என்று தெரியும். இதற்கு மருந்து எளிது. இரண்டாவது டிராஃப்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள். நான் படித்த டிராஃப்டுகளில் உண்மையான வாதம் பல முறை அங்கேதான் ஒளிந்திருந்தது. எழுதி எழுதித்தானே அந்த எண்ணத்துக்கு வந்து சேர்கிறோம். அதைத் தூக்கி முதல் பக்கத்தில் வைத்தால் கட்டுரை நிமிர்ந்துவிடும்.

திருத்துவதில் வரிசை உண்டு. முதலில் வாதம், பிறகு பத்திகளின் ஒழுங்கு, பிறகு வாக்கியம், கடைசியில் எழுத்துப்பிழை. எந்தப் பத்தியை வேண்டுமானாலும் தூக்கிவிடலாம் என்ற நிலையில் அதன் காற்புள்ளிகளைச் சரிசெய்துகொண்டிருப்பது வீண் வேலை.

படி 7: ரைட்டிங் சென்டர்

இலவசம். முன்பதிவு செய்து, அரை மணியோ முக்கால் மணியோ ஒருவரோடு உட்காரலாம். அங்கே உங்கள் பிழைகளைத் திருத்தித் தர மாட்டார்கள். கட்டுரையை வைத்துவிட்டுப் போய் மாலையில் வாங்கிக்கொள்ளும் இடமும் இல்லை. உங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார்கள், கேள்வி கேட்பார்கள். "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று போகாதீர்கள். "இரண்டாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்கு எப்படிப் போவது என்று தெரியவில்லை" என்று போங்கள். அசைன்மென்ட் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைசி நாளுக்கு முந்தைய இரவு வேண்டாம். திருத்த நேரம் இருக்கும்போது போனால்தான் பயன்.

படி 8: மேற்கோள், திருட்டு, ஏஐ

மேற்கோளையும் ஆதாரத்தையும் குறிப்பிட, இலக்கியத் துறை சார்ந்த வகுப்புகளில் எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) முறை, சமூக அறிவியல் சாய்வுள்ளவற்றில் ஏபிஏ (அமெரிக்கன் சைக்கலாஜிகல் அசோசியேஷன்). எம்எல்ஏ கையேட்டின் ஒன்பதாம் பதிப்பு 2021-ல் வந்தது. ஏபிஏ ஏழாம் பதிப்பு 2019-ல். எம்எல்ஏ என்றால் நான்கு பக்கமும் ஒரு இஞ்ச் இடம், இரட்டை இடைவெளி, படிக்க எளிதான எழுத்துரு, வலது மேல் மூலையில் கடைசிப் பெயரும் பக்க எண்ணும். மேற்கோளின் முடிவில் அடைப்புக்குள் ஆசிரியரின் கடைசிப் பெயரும் பக்க எண்ணும். நடுவே காற்புள்ளி வராது. கடைசியில் தனிப் பக்கத்தில் அகர வரிசைப் பட்டியல். ஒவ்வொரு பதிவிலும் இரண்டாவது வரி முதல் அரை இஞ்ச் உள்ளே தள்ளும். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் ரைட்டிங் லேப் தளத்தில் எல்லா மாதிரியும் இலவசமாக இருக்கிறது.

வடிவத்தைவிட முக்கியமானது நேர்மை. அறிவுடையோர் வாக்கை அப்படியே எடுத்தாள்வதும் நோட்ஸில் உள்ளதை வரி மாறாமல் எழுதுவதும் நம் தேர்வுகளில் நல்ல மாணவரின் அடையாளம். அங்கே அதையே பெயர் சொல்லாமல் செய்தால் கல்வித் திருட்டு. ஒரு வாக்கியத்தில் நான்கு சொல்லை மட்டும் மாற்றி எழுதினாலும் திருட்டுதான், கீழே பெயர் போட்டிருந்தாலும்கூட. பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. மூலத்தைப் படியுங்கள், மூடிவையுங்கள், அறையைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, தம்பிக்குச் சொல்வதுபோல உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். பிறகு திறந்து சரிபார்த்து, பெயரையும் பக்கத்தையும் போடுங்கள்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பெரும்பாலான சிலபஸ்களில் ஏஐ பற்றி ஒரு பத்தி இருக்கிறது. ஆசிரியருக்கு ஆசிரியர் அது மாறும். ஒருவர் முழுதாகத் தடுப்பார். இன்னொருவர் யோசனை திரட்ட அனுமதித்து, பயன்படுத்தியதைக் குறிப்பிடச் சொல்வார். சந்தேகமென்றால் எழுதிக் கேளுங்கள், பதிலைச் சேமித்துவையுங்கள். ஏஐ தரும் ஆதாரப் பட்டியலில் உலகத்திலேயே இல்லாத கட்டுரைகள் வரும். நூலகத்தில் கண்ணால் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதேசமயம், உழைத்து எழுதிய பிள்ளைகள்மேல் ஏஐ சந்தேகம் விழுவதும் நடக்கிறது. ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன்னுடைய அந்தக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆகவே, தொடக்கத்திலிருந்தே கூகுள் டாக்ஸ் போன்ற ஒன்றில், திருத்த வரலாறு பதிவாகும்படி எழுதுங்கள். கைக்குறிப்புகளைப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு டிராஃப்டையும் தேதி போட்டுத் தனிக் கோப்பாக வையுங்கள்.

என் மனத்தில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். முதல் டிராஃப்டை ஏஐயிடம் கொடுத்துவிட்டால் நீங்கள் இழப்பது அந்த சலான் போன்ற ஒன்றை. அது எந்தத் தரவுத்தளத்திலும் இல்லை.

படி 9: போர்ட்ஃபோலியோ

பல வகுப்புகளில் தேர்வுக்குப் பதில் போர்ட்ஃபோலியோ. செமஸ்டரில் எழுதியவற்றில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, இன்னொருமுறை திருத்தி, முன்னால் ஒரு கடிதம் வைத்துக் கொடுக்க வேண்டும். கடிதத்தில் 'இந்த வகுப்பில் நிறையக் கற்றுக்கொண்டேன், ஆசிரியருக்கு நன்றி' என்று எழுதாதீர்கள். இந்த டிராஃப்டின் இந்தப் பத்தியை எடுத்து, அதை இப்படி மாற்றினேன், காரணம் இது என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். உங்கள் கட்டுரையையே நீங்கள் அனாலிசிஸ் செய்ய வேண்டும். அதற்குத்தான் பழைய டிராஃப்டுகளை அழிக்காமல் வைக்கச் சொன்னேன்.

சிவகங்கைப் பையன் டிசம்பரில் அந்தக் கடிதத்தோடு மறுபடி வந்தான். இந்த முறை ஆதாரமாக இரண்டு டிராஃப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். கடிதத்தின் இரண்டாவது பத்தியில் எழுதியிருந்தான்: முதல் டிராஃப்டில் 'கல்வி' என்ற சொல் பதினோரு முறை வருகிறது, அப்பத்தா ஒரு முறைகூட வரவில்லை, இரண்டாவதில் அப்பத்தா எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார், 'கல்வி' ஒரு முறைகூட இல்லை. "எண்ணிப் பாத்தேன் அக்கா" என்றான். பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து காற்புள்ளிகளைச் சரிபார்த்தோம்.